பூட்ஸ் காலோடு இறங்கிய வயல்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய சமயம். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துக்குப் புதுச்சேரியில் ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். பண்டசோழநல்லூரில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த நானும் சேர்ந்தேன். தேசபக்தி எல்லாம் இல்லை. வீட்டில் அண்ணனோடு சண்டை, அவ்வளவுதான்.

எங்களைப் பழக்கிய சார்ஜண்ட் வில்லியனூர்ப் பக்கத்து ஆள். கட்டளை பிரெஞ்சில் வரும், வசவு தமிழில் வரும். ஒருநாள் காலை பாகூர் வயல்வெளிக்கு ஓட்டிப்போனார். ஆளுக்கு ஆள் இடம் விட்டு, பரவலாக முன்னேற வேண்டும். அதுதான் பாடம். நாங்கள் இருபது பேரும் வரப்பைக் கண்டதும் ஒருவன் பின் ஒருவனாக ஏறிவிட்டோம். எல்லோரும் குடியானவன் பெற்ற பிள்ளைகள். கால் வேறு எப்படிப் போகும்?

"இன்னாடா, நாத்து நடவா போறீங்க? ஒரே குண்டுல இருவது பேரும் சாவீங்கடா! பயிருக்குள்ள எறங்கு!"

கதிர் பால் பிடித்திருந்தது. நான்தான் முதல் ஆள். குனிந்து பூட்ஸைக் கழற்றப் போனேன். முதுகில் பிரம்படி விழுந்தது. பூட்ஸோடு இறங்கினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள்.

எதிர் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த நிலத்துக்காரி ஓடிவந்தாள். நேராக என்னிடம்தான் வந்தாள்.

"நீயும் பயிர் வெக்கிறவன் மாதிரிதான கீற? சோத்து மேலயே காலு வெக்கிறியேடா, பாவி!"

அன்று மூன்று முறை அதே வயலில் முன்னேறினோம். பயிர் சேறாகிவிட்டது.

பிறகு ஒருநாள், எங்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன பாலைவனத்தில் எங்கள் மேல் இயந்திரத் துப்பாக்கி சுட்டது. பிரிந்து நடந்ததால் மூன்று பேரோடு போயிற்று. வரப்பு நடை நடந்திருந்தால் ஒருவனும் மிஞ்சியிருக்கமாட்டான்.

யுத்தம் முடிந்து திரும்பியதும் அவளைத் தேடிப் போனேன். அறுவடை நடந்துகொண்டிருந்தது. இன்னார் என்று சொன்னேன்.

"தெரியுது. அந்த வருசம் பூரா கெழங்குதான் தின்னோம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "உங்கூட வந்தவங்கள்லாம் பொழச்சாங்களா?"

"மூணு பேர் போய்ட்டாங்க."

அவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி, செருப்பக் கழட்டிட்டு எறங்கு. கட்டு தூக்க ஆளில்ல."

பொழுது சாயும்வரை தூக்கினேன்.

சார்ஜண்ட் சொன்னதும் சரி, அவள் திட்டியதும் சரி. ஆனால் பாடம் எனக்கு, பட்டினி அவளுக்கு என்பதை மட்டும் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.