மலைக்காட்டுக்கு அழுதவரும் என் வடலிகளும்

என் வடலிகளைக் கொளுத்தியவர் கனடாவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன். நெருப்புக்குச்சி கிழித்தது கூலிக்கு வந்த ஆள். கொளுத்தச் சொன்னது அண்ணன். இதை அவருக்குத் தெரியாமல் எழுதவில்லை. அவரிடமே சொல்லிவிட்டேன்.

தொண்டைமானாற்றுக்குத் தெற்கே எங்கள் இருவருடைய பனங்காணிகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நடுவில் கிழக்கு மேற்காக ஒரு முள்ளுக்கம்பி வேலி. சண்டை முடிந்து நான் திரும்பியபோது என் காணியில் நின்ற பனைகளில் பெரும்பாலானவை ஷெல் பட்டுத் தலை போனவை. அவற்றுக்கிடையே பனங்கொட்டை ஊன்றினேன். பனை காய்க்கப் பதினைந்து வருடமாவது வேண்டும். என்னுடையவற்றில் ஒன்றிரண்டுதான் பாளை தள்ளியிருந்தன. மற்றவை இன்னும் வடலிகள், இளம் பனைகள்.

அண்ணன் கனடாவின் மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சிறு பட்டணத்தில் இருக்கிறார். போன வருடம் அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த மலைக்காடு எரிந்தது. ஊரையே வெளியேற்றினார்கள். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்துகொண்டு என்னை வீடியோவில் அழைத்தார். நான் சந்நிதி கோயிலுக்குப் போய் அவர் பெயரில் அர்ச்சனை செய்தேன். வீடு தப்பியது. காடு தப்பவில்லை.

அதன் பிறகு எப்போது எடுத்தாலும் காட்டுக் கதைதான்.

"முந்தின குளிர் இப்ப இல்லைப் பிள்ளை. பனி வேளைக்கே கரைஞ்சு காடு காய்ஞ்சு கிடக்குது. குளிருக்குச் சாகவேண்டிய வண்டு சாகாமல் மரத்தைத் தின்னுது. நிலத்திலை பாசி மெத்தை மாதிரிக் கிடக்கும். அதுக்குள்ளை நெருப்புப் போனால், மேலை பனி விழுந்தாலும் கீழை புகையும்."

இன்னொரு நாள் சொன்னார்: "ஊசியிலை மரம் எரிஞ்சாலும் விதையிலை திரும்ப வரும். ஆனால் இப்ப அது காய்க்கிற வயசுக்கு வர முந்தியே அடுத்த நெருப்பு வந்திடுது. பேந்து எங்கை காடு? புல்லும் பற்றையும்தான்."

சொல்லும்போது அவர் அழுதார். நானும் அழுதேன். மடைச்சி.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் இந்தச் சோளகக் காற்றுக் காலத்தில் வெயில் தாங்க முடியவில்லை. பனைகளின் கீழே காய்ந்து விழுந்த காவோலை குவிந்து கிடந்தது. இப்போது எல்லோருக்கும் காஸ் அடுப்பு, சுற்றிவர மதில். அடுப்பெரிக்கவும் வேலி அடைக்கவும் காவோலை பொறுக்க ஆளில்லை. நானும் பொறுக்கவில்லை. அது என் பிழை.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்குக் காணி துப்புரவாக இருப்பதுபோல வருடா வருடம் படம் வர வேண்டும். பற்றையாகத் தெரிந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள் என்று பயம். கையால் வெட்டப் பத்து நாள் ஆகும், கொளுத்த ஒரு மத்தியானம் போதும். அண்ணனுடைய ஆள் முதலில் அவர் காணியின் மேற்குப் பாதியை, காற்று அடிக்கும் மத்தியானத்திலேயே கொளுத்தினார். கம்பி வேலி நெருப்பை மறிக்குமா? நான் வாளியோடு ஓடிப்போனபோது அந்த ஆள் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நின்றார். பெரிய பனைகள் அடி கருகி நின்றன. மேற்குப் பக்கத்து வடலிகளின் குருத்துகள் வெந்துவிட்டன.

அண்ணனை அழைத்தேன்.

"அண்ணை, என்ரை வடலியள் போச்சு."

"ஐயோ. என்ரை பக்கம் துப்புரவாய் வந்திட்டுதே? அவன் அனுப்பின படத்திலை பாதிதான் தெரியுது."

"நான் என்ன சொல்லுறன், நீங்கள் என்ன கேக்கிறியள்?"

"பனை லேசிலை சாகாது பிள்ளை. உது காட்டு நெருப்பே? பற்றைக்கு வைச்சது."

"ஓம், அங்கை எரிஞ்சால் காடு, இஞ்சை எரிஞ்சால் துப்புரவு! காய்க்க முந்தி எரிஞ்சால் பேந்து எங்கை காடு எண்டு எனக்குச் சொன்னது ஆர்? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனே?"

"உனக்கு எப்பவும் வாய் கூட. கிழக்குப் பாதியை வாற கிழமை கொளுத்த ஆள் சொல்லிப்போட்டன். நீ உன்ரை பக்கத்திலை தண்ணி தெளிச்சு வை."

தப்பிய என் வடலிகள் எல்லாம் வேலிக்கு இந்தப்புறம் அந்தக் கிழக்குப் பாதியை ஒட்டித்தான் நிற்கின்றன. மூன்று நாளாகத் தனியாளாக வேலியோரக் காவோலையை இழுத்து அகற்றுகிறேன். கை முழுக்கப் பனைமட்டைக் கருக்கு அறுத்த கீறல். இன்னும் பாதிகூட முடியவில்லை.

வருகிற ஞாயிறு எங்கள் ஊர்ச் சங்கம் இணையத்தில் கூட்டம் வைக்கிறது. உலகம் சூடாகிக் காடுகள் எரிவதைப் பற்றி அண்ணன்தான் பேசுகிறார். பேசட்டும். அவர் சொல்வதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் பேசி முடித்ததும், கேட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் முன்னால், கிழக்குப் பாதிக்கு நெருப்பு வைக்கப் போகிறாரா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். எனக்குத் தனியாக ஃபோன் எடுத்துச் சொல்ல வேண்டாம். எடுத்தால் நான் வைத்துவிடுவேன்.