ஒன்பது நாள் நிறை

1988ஆம் ஆண்டு டயறியில், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் குறிப்பு இப்படி முடிகிறது: "பின்னேரம் ஊரடங்கு அறிவித்தார்கள். அவசரத்தில் ஆய்வுகூடத்துப் படிக்கல் பெட்டியும் என் பைக்குள் வந்துவிட்டது. வெட்கம். ஒருவருக்கும் தெரியாமல் திரும்ப வைத்துவிடவேண்டும்."

அப்போது நான் முதுமாணிப் பட்டத்துக்காகச் சிறுகுறிஞ்சா இலையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். எங்கள் சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் நீரிழிவுக்காரர் அதை அவித்துக் குடிப்பார்கள். அதிலிருந்து மருந்தொன்று எடுக்கலாமா என்பது பேராசிரியர்களின் கேள்வி. நாள்தோறும் குடித்தால் உடம்புக்குக் கேடு வருமா என்பது மட்டும் என்னுடையது. இருபத்துநான்கு எலிகளுக்கு, இருபத்தெட்டு நாள் இடைவிடாமல் சாற்றைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதவேண்டும். நஞ்சு ஏறினால் முதலில் நிறைதான் குறையும். எலிகள் கொழும்பிலிருந்து வந்தவை. இன்னொரு தொகுதி எடுப்பது இலேசான காரியமல்ல.

ஊரடங்கு வந்தது பத்தாம் நாளில். ஆய்வுகூடத்தில் என்னோடு ஒரே மேசையில் வேலை செய்த நண்பனின் வீடு பின்மதிலுக்கு ஒரு ஒழுங்கை தள்ளி இருந்தது. நான் சைக்கிளில் ஏறும்போது சொன்னான்:

"நீ போ மச்சான். மதிலாலை ஏறிக் குதிச்செண்டாலும் உன்ரை எலியளை நான் பாக்கிறன்."

ஒன்பது நாள் வீட்டுக்குள் கிடந்தேன். ஊரடங்கு தளர்ந்த காலை முதல் வேலையாகப் படிக்கல் பெட்டியை அதன் அலுமாரித் தட்டில் வைத்தேன். யாரும் காணவில்லை என்று நிம்மதியாக இருந்தது. பிறகு அவன் நிறை எழுதும் கொப்பியோடு வந்தான். பதினோராம் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள்வரை ஒரு கட்டமும் காலியில்லை. அரைக் கிராம் வரைக்கும் எழுதியிருந்தான். அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். அன்றைய டயறியில் அவனைப் பற்றி மட்டுமே ஒரு பக்கம் இருக்கிறது.

அதற்குப்பின் ஒன்றரை வருடம் அந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. தேநீர் வேளையில் புதிதாக யார் வந்தாலும் சொல்வேன். அவன் தலையைக் குனிந்தபடி பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருப்பான். தன்னடக்கம் என்று நினைத்தேன்.

1989 ஆவணியில் ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுக்குமுன் திகதிகளை டயறியோடு ஒத்துப்பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமைக் குறிப்பை இரண்டு தரம் வாசித்தேன். மின்தராசு அப்போது மின்சாரமில்லாமல் மாதக்கணக்காக மூடிக் கிடந்தது. இருந்தது தட்டுத் தராசு ஒன்றுதான். அதன் படிக்கற்கள் அந்த ஒன்பது நாளும் சண்டிலிப்பாயில் என் அலுமாரிக்குள் இருந்தன.

எலிகள் இருந்த விலங்குக்கூடத்தைப் பார்த்துவந்தவர் குருநகர்க்காரர். அந்த ஊரடங்கில் வீட்டுக்குப் போக வழியில்லாமல் அங்கேயே அகப்பட்டுக்கொண்டவர். அவரிடம் போனேன்.

"அண்ணை, அந்த ஊரடங்கிலை அவன் எத்தினை நாள் வந்தவன்?"

"ஆர், உவரோ? ஒரு காகம்கூட வரேல்லைத் தம்பி. தீன் முடிஞ்சு, என்ரை அரிசியைத்தான் போட்டனான். எலியும் நானும் ஒரே சட்டி."

"சாறு குடுத்தனீங்களோ?"

"அது எனக்குத் தெரியாத வேலையெல்லே."

"ஏன் அண்ணை அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீங்கள் அவரைக் கட்டிப்பிடிச்சு அழுதுகொண்டு நிண்டியள். அதுக்குள்ளை நான் வந்து என்னத்தைச் சொல்லுறது?"

நண்பன் மறுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"இருபத்தெட்டிலை ஒன்பது நாள் மச்சான். ஆர் பாக்கப்போறான்?"

"நான் பாத்தனான்."

"உன்னைப்போல விசரன்தான் டயறியையும் தராசையும் ஒத்துப்பாப்பான். மதிலாலை குதிச்சிருந்தா வெடி விழுந்திருக்கும், தெரியுமே?"

"உன்னைச் சாகச் சொன்னனானே? வரேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அப்பவே வேறை எலி எடுத்திருப்பன்."

"நீ அழுதாய்" என்றான். "பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

இருவரும் ஒரே விடையைத் தந்தார்கள். ஒருவரை மன்னிக்க முடிந்தது. மற்றவனை இன்றுவரை முடியவில்லை.

நன்றியுரையின் முதல் வரியில் அவன் இருந்தான். அந்தத் தாளைக் கிழித்தேன். ஒன்பது வரிசைகளையும் வெட்டிவிட்டு ஆய்வேட்டை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். என் படிக்கல் பெட்டிக் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதலிலையிருந்து செய்யும். வேறை வழியில்லை."

எலி கேட்டுக் கொழும்புக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரப் பிந்தியது. எலி வருவதாகப் பதில் வந்தபோது 1990 வைகாசி. ஆனியில் சண்டை தொடங்கிக் கொழும்புப் பாதை மூடப்பட்டது. நண்பன் தன் பட்டத்தோடு அதற்கு முன்னரே வெளிநாடு போய்விட்டிருந்தான். எனக்குப் பட்டமுமில்லை, எலியுமில்லை.

1995 ஐப்பசியில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நான் டயறிகளைத்தான் சைக்கிளில் கட்டினேன். கொடிகாமத்தில் ஒரு மரக்கறி வியாபாரி தன் வீட்டில் இடம் தந்தார். அவருக்கு நீரிழிவு. கடைகளில் குளிசை முடிந்துபோயிருந்தது. ஒரு நாள் காலை முற்றத்தில் சிறுகுறிஞ்சா இலையை உருவிக்கொண்டே கேட்டார்:

"நீங்கள் இந்த இலையைத்தானே படிச்சனீங்கள்? நாளாந்தம் குடிக்கலாமோ?"

"பத்து நாளைக்கு ஒண்டும் செய்யாது ஐயா. அது நான் நிறுத்துப் பாத்தது."

"அதுக்குப் பிறகு?"

"தெரியாது."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, உருவிய இலையைச் சுளகில் அப்படியே வைத்தார்.