மிர்ஃபீல்டுக்குச் செவ்வாய்க்கிழமை டாக்ஸி

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ் இருந்தது. இங்கிலாந்தில் மேற்கு யார்க்‌ஷயர் என்ற மாவட்டத்தில் ஓடும் ஒரு டாக்ஸி கம்பெனிக்கு வரும் போன்களை நாங்கள்தான் எடுத்தோம். ஹெக்மண்ட்வைக்கில் ஒருவர் வாசலுக்கு வண்டி வேண்டுமென்று போன் போட்டால் மணி அடிப்பது எங்கள் காதில். நாங்கள் கம்ப்யூட்டரில் தட்டினால், அங்கே பக்கத்தில் நிற்கும் டிரைவருக்குப் போய்ச் சேரும். எங்கிருந்து பேசுகிறோம் என்பதைச் சொல்லக் கூடாது. கேட்டால் "ஆபீஸிலிருந்து" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும்.

முதல் மாதம் ஊர்ப் பெயர்களிலேயே போய்விட்டது. ட்யூஸ்பரி, பேட்லி, மிர்ஃபீல்ட், ஆசெட், கிளெக்ஹீட்டன். மேப்பில் பார்த்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே ஊர் போலத்தான் இருக்கும். ஆனால் ஆசெட்காரரிடம் "ட்யூஸ்பரியா சார்" என்று கேட்டுவிட்டால் குரல் மாறிவிடும். எனக்கு அது புதிதில்லை. வண்டலூர் எங்கே முடிகிறது, ஊரப்பாக்கம் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அங்கேயே இருப்பவரிடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

போன் செய்கிறவர்களில் ஓர் அம்மா எனக்குப் பழக்கமானது அப்போதுதான். ஹெக்மண்ட்வைக்கில் தனியாக இருந்தார், எண்பது வயதுக்கு மேல். கணவர் முதுமையில் ஞாபகமெல்லாம் போய், மிர்ஃபீல்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் இருந்தார். செவ்வாய்தோறும் அவரைப் பார்க்கப் போக அந்த அம்மா வண்டி கேட்பார். எங்களுக்கு அது மதியச் சாப்பாடு முடிந்த நேரம், அங்கே காலை. முதல் தடவை போனை எடுத்ததும் என்னை "லவ்" என்று கூப்பிட்டார். எனக்கு முகம் சுட்டுப்போயிற்று. பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"இன்னாடி நீ, இதுக்குப் போயி," என்றாள் அவள். "அங்க எல்லாருக்கும் அப்டித்தான். பஸ் ஓட்றவருக்கும் லவ்வு, மீன் விக்கிறவனுக்கும் லவ்வு. நம்ம ஊர்ல கண்ணுன்னு சொல்றதில்ல? அது மாரி."

அந்த அம்மாவுக்குப் பேசப் பிடிக்கும். வண்டி வரும்வரை போனை வைக்கமாட்டார். எங்கள் ஷிஃப்ட் லீடருக்குப் பேச்சு நீண்டால் ஆகாது. என் பின்னால் வந்து நின்று, கையால் 'முடி, முடி' என்று காட்டுவார். நான் குரலைத் தணித்துக்கொண்டு தலையாட்டுவேன். போன் மட்டும் காதிலேயே இருக்கும்.

அப்படித்தான் அவர் வேலையைப் பற்றித் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ட்யூஸ்பரியில் ஒரு கம்பளி மில்லில் இருந்தாராம். உலகத்தில் எங்கெங்கிருந்தோ பழைய கம்பளித் துணி மூட்டை மூட்டையாக அந்த ஊர்களுக்கு வருமாம். அதைக் கிழித்துப் பஞ்சாக்கி, திரும்ப நூலாக நூற்று, போர்வை நெய்வார்கள். இவர் நூற்பு மிஷினில் நின்றவர். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் வழியில் எழுதுகிறேன்.

"காலையில நான் போய் கைய வச்சா மிஷின் சூடா இருக்கும்மா. ராத்திரி பூரா பாகிஸ்தான்ல இருந்து வந்த ஆம்பளைங்க ஓட்டிட்டுப் போயிருப்பாங்க. நாங்க உள்ள போகும்போது அவங்க வெளிய போவாங்க. அத்தன வருஷமும் அந்த மிஷின ஓட்டினவர் யாருன்னு ஒரு நாள் நின்னு கேட்டதில்ல. குளிர்ல சூடான மிஷின் கெடைச்சுதுன்னு சந்தோஷப்பட்டதோட சரி."

அன்று வீட்டுக்குப் போய் இதை என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மறைமலைநகர்ப் பக்கம் ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் தைத்த சட்டைகளில் பிசிறு வெட்டுகிறவர். எங்கள் சொந்த ஊர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கம். அம்மாவின் அப்பாவும் அம்மாவும் அந்த ஊரில் அடுத்தவர் நிலத்தில் நட்டு அறுத்தவர்கள். அந்த நிலத்துக்காரர் வீட்டுப் பேத்தியும் இப்போது அதே கம்பெனிக்குத்தான் போகிறாள். கம்பெனி பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்து சீட்டு.

"பேசுவீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டேன்.

"மொதல்ல ஜன்னலப் பாத்துகினு வருவா. இப்ப பேசறா. ஒரு நாளு எங்கம்மா பேரு கேட்டா. சொன்னேன். அவ வூட்ல யாருக்கும் அது தெரியலியாம்." அம்மா குழம்பைக் கிளறிவிட்டு, "கேட்டாளே, அது போதும்," என்றார்.

செவ்வாய்க்கிழமை வண்டிக்குப் பெரும்பாலும் ஒரே டிரைவரைத்தான் போடுவேன். ஐம்பது வயதுக்காரர், பாகிஸ்தானி குடும்பம், பிறந்து வளர்ந்தது ட்யூஸ்பரியில். அந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டு, கைப்பையை வாங்கி, இல்லத்தின் உள்வாசல் வரை கூட்டிப் போவார். பக்கத்திலிருக்கும் வண்டிக்குத்தான் சவாரி போக வேண்டும் என்பது விதி. இந்த ஒன்றை நானே கையால் மாற்றுவேன். ஒரு நாள் மழையில் ரோடு அடைத்துக்கொண்டதென்று அவர் ஆபீஸுக்குப் போன் செய்தபோது, இங்கிலீஷுக்கு நடுவில் உருதுவில் "பேஸார் ஹோ கயா" என்று அலுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர்லயும் பேஜாருன்னுதான் சொல்லுவோம்" என்றேன். அவரும் சிரித்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. எங்கேயிருந்து பேசுகிறோம் என்பது டிரைவர்களுக்குத் தெரியும்.

குளிர்காலம் முடியும் சமயத்தில் மூன்று நான்கு செவ்வாய் அந்த அம்மாவின் போன் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் வந்தது. வழக்கம்போல மிர்ஃபீல்டுக்கு என்றார். குரலில் வித்தியாசம் தெரியவில்லை. நானும் அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் டிரைவர் கூப்பிட்டார்.

"அவங்க வீட்டுக்காரர் போன மாசமே இறந்துட்டாரும்மா. இல்லத்துல வேலை செய்யற பொண்ணு வெளிய வந்து என்கிட்ட சொல்லுது. இவங்க வண்டிய விட்டு எறங்கல."

"மறந்துட்டாங்களா?"

"நானும் அப்படித்தான் பயந்தேன். மெதுவா கேட்டேன். 'தெரியும்பா, செவ்வாக்கிழமை வீட்ல உக்கார முடியல, அதான் கெளம்பிட்டேன்'னாங்க. இப்ப எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியல."

வண்டியை அங்கேயே நிறுத்தி வைக்கச் சொன்னேன். நினைவுக்கு வந்ததைக் கேட்டேன்: அவருக்கு மில்லில் வேலை செய்த யாரையாவது தெரியுமா, இந்த அம்மா மில் கதை பேசினால் அரை நாள் பேசுவார் என்று.

"எந்த மில்லு?" என்றார்.

சொன்னேன்.

"எங்கப்பா அங்கதான் இருந்தாரு. நைட் ஷிஃப்ட்."

பின்னால் ஷிஃப்ட் லீடர் வந்து நின்றார். "யாருமா லைன்ல? எவ்ளோ நேரமா பேசிகினு கீற?" என்றார். ஒரு வயதான அம்மா வழியில் நிற்கிறார், முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, அங்கேயே நின்றார்.

டிரைவர் அந்த அம்மாவை ட்யூஸ்பரியில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நடந்ததை அவர்தான் மறுநாள் சொன்னார். அவருடைய அப்பா ஹீட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காது மந்தம். மகன் சத்தமாக விளக்கிச் சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த அம்மா போய் எதிரே உட்கார்ந்தார். எந்த மிஷின் என்று பெரியவர் கேட்டார். ஜன்னலிலிருந்து மூன்றாவது என்றார் இவர். பெரியவருடையது அதற்கடுத்தது. ஆள் வராத நாட்களில் மூன்றாவதையும் சேர்த்து ஓட்டியிருக்கிறார்.

"காலையில சூடா இருக்கும்" என்றாராம் அந்த அம்மா.

"நிறுத்தினா ஃபோர்மேன் திட்டுவான்" என்றாராம் பெரியவர்.

மருமகள் டீயும் பிஸ்கட்டும் கொண்டு வந்தாள். அந்த அம்மா கிளம்பும்போது சாயங்காலமாகிவிட்டது. அடுத்த செவ்வாயிலிருந்து அவர் கேட்ட இடம் ட்யூஸ்பரி. கடைக்கு மிர்ஃபீல்ட் பக்கம் போனாலும் இல்லத்து வாசலில் வண்டியை மெதுவாக விடச் சொல்வார், நிறுத்தச் சொல்லமாட்டார் என்று டிரைவர் சொன்னார்.

ஒரு நாள் அந்த அம்மா என்னைக் கேட்டார், "நீ எங்கம்மா இருக்க, லீட்ஸ்லயா?"

அதுவரை "ஆபீஸில்" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று வாய் வரவில்லை. இந்தியாவில், சென்னைக்குத் தெற்கே, செங்கல்பட்டுப் பக்கம் என்றேன். அங்கே கடல் உண்டா என்றார். பஸ் ஏறினால் மகாபலிபுரம், அதற்கும் தெற்கே சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இடிந்து கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் மீன் வாங்க அங்கே போவோம் என்றேன். "நான் உன்ன லீட்ஸ்னுல்ல நெனச்சேன்" என்று அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. என்னைப் பற்றி ஆபீஸுக்குப் புகார் எதுவும் வரவில்லை.

மழைக்காலத்தில் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். இனி போனை மிஷினே எடுக்குமாம், பேசுகிற மிஷின். எங்களுக்கு அந்த மாதம் கடைசி. பக்கத்து சீட்டுக்காரி கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் சேர்ந்தாள். எனக்குச் செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்கு டோக்கன் போட்டு, எந்த அறை என்று சொல்லி அனுப்பும் வேலை. அம்மாவுக்கு அதில் சந்தோஷம். "ஆளு மூஞ்சியப் பாத்து பேசலாம்" என்றார்.

கடைசி வாரம் செவ்வாயன்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பேசவில்லை. டிரைவர்தான் கூப்பிட்டார். அன்று தன் அப்பாவையும் அந்த அம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தப் பழைய மில்லைப் பார்க்கப் போயிருந்தார். இப்போது அது அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது. ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்து, வாசலில் செடித்தொட்டி வைத்திருந்தார்களாம். இருவரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, தங்கள் மிஷின் நின்றது எந்த ஜன்னல் என்று தேடினார்கள். அவர் ஒன்றைக் காட்டினார், இவர் வேறொன்றைக் காட்டினார். ஒத்துக்கொள்ளவே இல்லை.

"இப்பவும் பின் சீட்ல சண்டை ஓடிட்டிருக்கு, கேக்குதா?" என்றார்.

கேட்டது. ஆணும் பெண்ணுமாக இரண்டு வயதான குரல்கள், ஒன்றையொன்று இடைமறித்துக்கொண்டு. டிரைவர் போனை வைக்கும்வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.