அலிப்பூர் பங்களாவின் இரண்டு ஆயாக்கள்

தன் ஆயுசில் ஒரே ஒரு பொய்தான் சொன்னதாக ஞானவடிவு சொல்லிக்கொள்வாள். அது அப்படியே உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த ஒரு பொய்யைப் பிற்பாடு அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

நாசரேத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. இருபத்திரண்டு வயதில் புருஷன் காலராவில் போய்விட்டான். பிள்ளையும் இல்லை. மிஷன் பங்களாவில் குழந்தை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கிருந்து மதராஸ். பிறகு 1899-இல் ஹார்லன் துரை குடும்பத்தோடு கப்பலேறிக் கல்கத்தா வந்து சேர்ந்தாள். துரைக்கு அலிப்பூரில் சர்க்கார் உத்தியோகம். வெள்ளைக்காரர் வீடுகளில் மதராஸ் ஆயா என்றால் அப்போது தனி மதிப்பு. துரையின் மூத்த பையன்கள் இரண்டு பேரையும் அவள்தான் வளர்த்தாள். ஏழு வயதானதும் ஒவ்வொருவராகச் சீமைக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அவர்கள் போனபோது அழுதாள், பிறகு தேறிக்கொண்டாள். மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தை மேபிள் மட்டும் வேறு மாதிரி. தாய்க்குப் பிரசவத்தில் உடம்பு கெட்டுப்போனதால், பிறந்த அன்றிலிருந்து குழந்தை ஞானவடிவின் மடியிலேயே கிடந்தது. அதன் வாயில் வந்த முதல் சொல் 'வடிவு'.

தினமும் விடிந்ததும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இன்னைக்கும் உம்ம பின்னாலே நடக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் வேலையைத் தொடங்குவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சமையல்காரன் ரொட்டி திருடுவான், தோட்டக்காரன் குடிப்பான், அவள் அந்த மாதிரி எதுவும் செய்வதில்லை.

1907-இல் துரைசானி மறுபடி கர்ப்பமானாள். வரப்போகிற குழந்தைக்கென்று மதராஸ் வேப்பேரியிலிருந்து கிருபாவதி என்ற ஆயாவை வரவழைத்தார்கள். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை ரவிக்கை, காலில் செருப்பு. தமிழும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியும், கவுன் தைக்கத் தெரியும்.

"வாங்கக்கா, நான் கிருபா" என்று அவள் கையைப் பிடித்தபோது ஞானவடிவு நல்ல மனசோடுதான் சிரித்தாள்.

மூன்றாம் நாள் மேபிளின் பொம்மைக்கு கிருபாவதி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். குழந்தை அதை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடியது. அடுத்த வாரம் ஸ்லேட்டில் தன் பெயரை எழுதிக்காட்டியது. ஒருநாள் மத்தியானம் மிருகக்காட்சிசாலைக்குப் புறப்படும்போது, "கிருபாவோடத்தான் போவேன்" என்று அடம்பிடித்தது. இரண்டு பேரும் கைகோத்து கேட்டைத் தாண்டிப் போவதை ஞானவடிவு மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை திரும்பிப் பார்க்கும் என்று காத்திருந்தாள். பார்க்கவில்லை.

அன்றைக்கு அவளை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. கிருபாவதி மேபிளுக்குத் தலை வாரிவிட்டால், வகிடு கோணல் என்று ஞானவடிவு அவிழ்த்து மறுபடி வாருவாள். கிருபாவதி ஊட்டினால், வாய் சரியாகத் துடைக்கவில்லை என்று பின்னாலேயே துண்டோடு போவாள். 'வடிவு' என்று எத்தனை தடவை கூப்பிட்டது, 'கிருபா' என்று எத்தனை தடவை கூப்பிட்டது என்று மனசு தன்னால் எண்ணிக்கொண்டே இருக்கும். இதற்கெல்லாம் பொறாமை என்று அவள் பெயர் வைக்கவில்லை. பிள்ளை மேல் உள்ள அக்கறை என்றே நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு ஆறுதலாக இல்லை. பவானிபூரில் ஒரு வாடகைக் கூடத்தில் மூன்று மணிக்குத் தமிழ் ஆராதனை நடக்கும். பட்லர்கள், ஆயாக்கள், ரயில்வே குமாஸ்தா ஒருவர் என்று இருபது பேர் வருவார்கள். பாய் விரிப்பதும் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் எட்டு வருஷமாக ஞானவடிவின் பொறுப்பு. படிக்கத் தெரியாவிட்டாலும் அத்தனை பாட்டும் அவளுக்கு மனப்பாடம். கிருபாவதி வந்த இரண்டாம் வாரமே உபதேசியார் பாக்கியநாதன் அவளை வேதம் வாசிக்கச் சொன்னார். தெளிவான குரல். முடிந்ததும், "எவ்வளவு அழகா வாசிக்கிறாங்க!" என்றார் குமாஸ்தாவின் மனைவி. தான் விரித்த பாயில் உட்கார்ந்துகொண்டே அதைக் கேட்டாள் ஞானவடிவு. அன்று அவள் பாட்டை ஒரு கட்டை உயர்த்தி எடுத்தாள். மற்றவர்களுக்குக் குரல் எட்டாமல் பாட்டு பாதியில் நின்றது.

மழைக்காலத்தில் துரைசானிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒரு வாரம் கழித்து அவள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள்.

"கைக்குழந்தைக்கு அனுபவமுள்ள கை வேணும். ஆயா, நீ இவனைப் பார்த்துக்கொள். மேபிளுக்கு இனி எழுத்துச் சொல்லிக்கொடுக்கணும். அவள் கிருபாவிடம் இருக்கட்டும்."

ஞானவடிவு தலையை ஆட்டிவிட்டு வந்தாள். குழந்தையைத் தூக்கினாள், குளிப்பாட்டினாள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்டு கடைசியில் மேபிளுக்கு மணல்வாரி அம்மை போட்டது. உடம்பெல்லாம் செந்தடிப்பு, நெருப்பாய்க் காய்ச்சல். டாக்டர் துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மேபிளைக் கீழே பின்கட்டு அறையில் வைக்க வேண்டும், கிருபாவதி தவிர யாரும் போகக் கூடாது. கைக்குழந்தையைத் தொடுகிறவர்கள் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

முதல் நாள் சாயங்காலம் கிருபாவதி முற்றத்தில் நின்று மாடி ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அக்கா! பார்லித் தண்ணி வாயில வெச்சாலே துப்பிடறா. முன்னாடி காய்ச்சல் வந்தப்ப எப்படிக் குடிக்க வெச்சீங்க?"

ஞானவடிவுக்கு அது நன்றாகத் தெரியும். காய்ச்சல் வந்தால் மேபிள் கோப்பையைத் தொடாது. பால் சங்கில்தான் குடிக்கும். அதுவும் முந்தானையைக் கூடாரம் மாதிரி தலைக்கு மேல் போட்டு, இருட்டாக்கி, காதோரம் மெல்ல முனகிக்கொண்டே ஊற்றினால்தான். ஊரில் செய்கிற வழக்கம். மூன்று காய்ச்சலை அப்படித்தான் கடத்தியிருக்கிறாள். அதைத் துரைசானிகூட அறியமாட்டாள்.

"அப்படி ஒண்ணும் இல்லட்டி. தாகம் எடுத்தா அதுவே குடிக்கும்" என்றாள்.

சொல்லும்போது நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. கிருபாவதியால் முடியாது, நாளைக்குத் துரைசானி தன்னைத்தான் கூப்பிடுவாள், கைக்குழந்தையைத் தாயிடம் தள்ளிவிட்டு இறங்கிப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள்.

மறுநாள் யாரும் கூப்பிடவில்லை. டாக்டர் இரண்டு தடவை வந்தார். குழந்தை அழும் சத்தம் காலையில் கேட்டது. மத்தியானத்துக்கு மேல் அதுவும் இல்லை. அன்று விடிகாலையில் முழங்காலில் நின்றபோது வழக்கமான வார்த்தைகள் அவள் வாயில் வரவில்லை. உடம்பு அசதி என்று எழுந்துவிட்டாள்.

அதற்கடுத்த நாள் பிற்பகல் மழை விட்டிருந்தது. கிருபாவதி பின்கட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். வேதப் புத்தகத்தை விரித்து, அன்றைய பகுதியை வாய்விட்டு வாசித்தாள். அழுதுகொண்டே வாசித்ததால் குரல் உடைந்து உடைந்து வந்தது. மாடி ஜன்னலில் குழந்தையோடு நின்ற ஞானவடிவு அதைக் கேட்டாள்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் பேதுருவோடு பேசுகிற இடம். தன் பின்னால் வரச் சொல்லுகிறார். பேதுருவோ திரும்பி இன்னொரு சீஷனைப் பார்த்துவிட்டு, இவன் கதை என்ன என்று கேட்கிறான். அவனைப் பற்றி உனக்கென்ன, நீ என் பின்னால் வா என்கிறார்.

எத்தனையோ முறை கேட்ட பகுதிதான். அன்றைக்கு அந்தப் 'திரும்பி' என்ற ஒரு சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. தினம் காலையில் பின்னால் நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு, இத்தனை மாதமாகத் தானும் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே நடந்திருக்கிறோம் என்று பட்டது. அதுவும் யார் வாயிலிருந்து கேட்கிறோம் என்பதை நினைத்ததும் அவளுக்கு முகம் சுட்டது. அந்த நிமிஷத்திலும், இவளா எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு எரிச்சல் வரத்தான் செய்தது.

குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். தன் தகரப் பெட்டியைத் திறந்து பித்தளைச் சங்கை எடுத்தாள். உடுத்தி உடுத்தி நைந்த ஒரு சுங்குடிச் சேலையில் அதை முடிந்து, ஜன்னல் வழியே முற்றத்தில் போட்டாள்.

"கிருபா! அதை எடு. அந்தச் சேலையை நீ கட்டிக்கோ. என் வாடை இருக்கணும். முந்தியை மூடிப் போட்டு, இருட்டாக்கி, சங்குல ஊத்து. காதுகிட்ட முனகு. பாட்டு வேண்டாம், வெறும் முனகல்தான்."

கிருபாவதி முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"முந்தாநாள் கேட்டேனே அக்கா."

"ஆமா. தெரிஞ்சுதான் சொல்லலை. பொய் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"பிள்ளை உன்கிட்ட ஒட்டிக்கிச்சேன்னு... பொறுக்க முடியலை."

"நாக்கு வெடிச்சுப் போயிருக்கு அவளுக்கு" என்றாள் கிருபாவதி. "நீங்க மேலருந்து பார்த்துட்டிருந்தீங்க." முடிச்சோடு உள்ளே போனாள்.

ஒரு மணி நேரம் கழித்துச் சமையல்காரன் மேலே வந்து, குழந்தை நாலு சங்கு குடித்துவிட்டதாகச் சொன்னான். ஞானவடிவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நிம்மதிதான். ஆனால் அந்தக் கூடாரத்துக்குள் இருந்தது தான் இல்லையே என்ற குத்தலும் கூடவே இருந்தது. அன்று சாயங்காலம் துரைசானியிடமும் போய் நடந்ததைச் சொன்னாள். துரைசானி அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் மேபிளை அவளிடம் திரும்பக் கொடுக்கவுமில்லை.

மேபிள் பிழைத்து எழுந்தது. கிருபாவதி ஒரு மாதம் ஞானவடிவோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஞானவடிவும் அவளைப் பேசச் சொல்லிக் கெஞ்சவில்லை. மேபிளின் தலைவகிடு கோணலாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகினாள். அது சுலபமாக வரவில்லை. கைக்குழந்தையோடு மட்டும் பேச ஆரம்பித்தாள்.

அடுத்த மார்ச்சில் குடும்பம் சீமைக்குப் புறப்பட்டது. கூட வர கிருபாவதியைத் தேர்ந்தெடுத்தார்கள். கிதிர்பூர் துறையில் கப்பல் நகர்ந்தபோது ஞானவடிவு மேபிளுக்காக ஜெபித்தாள், கைக்குழந்தைக்காக ஜெபித்தாள். கிருபாவதியின் பெயரை உச்சரிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனாலும் உச்சரித்தாள்.

பிறகு பவானிபூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு கடைக்காரத் துரை வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக் கூடத்து வாசலில் டிரங்குப் பெட்டியோடு கிருபாவதி நின்றாள். சீமையில் போய் இறங்கிய ஆறாம் மாதமே வெள்ளைக்கார நர்ஸ் ஒருத்தியை வைத்துக்கொண்டு இவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மெலிந்திருந்தாள். செருப்பு வாரறுந்து கிடந்தது.

ஞானவடிவின் மனசில் முதலில் எழுந்தது சந்தோஷம். அதை அவள் பிற்பாடு கிருபாவதியிடமே சொன்னாள். அந்தச் சந்தோஷம் அடங்கும்வரை பாயை நீவிக்கொண்டிருந்துவிட்டு, எழுந்துபோய்ப் பெட்டியை வாங்கினாள். "உள்ளே வா. இன்னைக்கு வாசிக்க ஆள் இல்லை" என்றாள்.

ஐந்து வாரம் இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். அடுத்த தெருவில் ஆயா தேடிய ஒரு வீட்டுக்கு ஞானவடிவே அவளை அழைத்துப் போனாள். "படிப்பா, தைப்பா. பிள்ளைக்கு நோவுன்னா பக்கத்தைவிட்டு நகரமாட்டா. என்னைவிட நல்லவ" என்று அந்த வீட்டம்மாளிடம் சொன்னாள்.

வேலைக்குப் புறப்படும் காலையில் கிருபாவதி தலை பின்னிக்கொண்டிருந்தபோதுதான், அதுவரை கேட்காததை ஞானவடிவு கேட்டாள்.

"பாப்பா என்னைத் தேடிச்சாட்டி?"

கிருபாவதி பின்னலை விட்டுவிட்டாள். "கப்பல்ல தினமும் கேட்டா. அங்க போய் ஒரு மாசம் கேட்டா. அப்புறம் கேக்கலை அக்கா."

"உன்னை?"

"என்னை இப்ப கேட்டுட்டிருப்பா. கொஞ்ச நாளைக்கு."

ஞானவடிவு எழுந்து பெட்டியின் ஒரு பக்கக் காதைப் பிடித்தாள். மறுபக்கத்தைக் கிருபாவதி பிடித்தாள். இரண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.