பச்சை விளக்கும் அண்ணனின் தலைவலியும்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்டு பயப்படுகிறீர்களே, அந்தப் பயத்தால் நட்டப்படுவது யார் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் அது பயந்தவராக இருக்காது. அதே வீட்டில், பக்கத்து அறையில், எழுந்து வந்து மறுத்துப் பேச முடியாமல் கிடக்கும் ஒருவராக இருக்கும்.

இந்த வீட்டில் அவர் டோக்கன் அக்கா.

அரசு மருத்துவமனையில் வெளிநோயாளர்களுக்கு டோக்கன் கொடுக்கும் கவுண்டரில் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய உண்மையான பெயர் தெரியாது. மைக் ஒன்று கொடுத்திருந்தார்கள், அதை அவர் தொட்டதில்லை. கண்ணாடியில் இருந்த கையகல ஓட்டை வழியாகவே அவர் குரல் கடைசி பெஞ்சு வரை போகும்.

"நாப்பத்தேழு! நாப்பத்தேழு இருக்கீங்களா, இல்ல நோய் சரியாப் போயி வீட்டுக்குக் கிளம்பிட்டீங்களா?"

ஒரு நாள் பெரிய இடத்து டிரைவர் ஒருவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஐயா கார்ல உக்காந்திருக்காரு" என்றாராம். "நல்லா உக்காரட்டும். நம்பர் வந்ததும் கூப்பிடுறேன். இங்க உடம்புக்குத்தான் வரிசை, வண்டிக்கு இல்ல" என்று டோக்கனை நீட்டியிருக்கிறார் அக்கா. ஆனால் மூச்சுத் திணறி வருபவர், வலிப்பு வந்த குழந்தை என்றால் நம்பரே கிடையாது. "வழி விடுங்க, வழி விடுங்க" என்று அவரே கதவைத் திறந்து உள்ளே அனுப்பிவிடுவார். வரிசையை மீறும் அதிகாரம் வலிக்கு மட்டும்தான் உண்டு என்பது அவர் கட்சி.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன், அண்ணியோடு இருந்தார். அந்த வீட்டின் மாடி எழும்பியது அக்காவின் சம்பளத்தில். வாசல் பலகையில் இருப்பது அண்ணனின் பெயர் மட்டும்.

ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பப் புடவைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. எதிரில் இருப்பவர் சொல்வது எல்லாம் புரியும், முகம் தெரியும், கோபம் வரும், சிரிப்பு வரும். சொல்ல வேண்டிய சொல் மட்டும் வராது. "அது... அது..." என்பார். அதற்கு மேல் நாக்கு நகராது.

மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் அண்ணனிடம் ஒளிக்காமல் சொன்னார். "முதல் சில மாசத்துல திரும்பி வர்றதுதான் அதிகம் சார். அப்புறமும் வரும், ஆனா ரொம்ப மெதுவா வரும். இப்ப விடக் கூடாது." வாரத்தில் ஐந்து நாள், நாற்பது நிமிடம், வீடியோவில் பயிற்சி. இடையில் படத்தைத் தொட்டுப் பெயர் சொல்லும் பாடங்கள். அதற்காக மருத்துவமனையே ஒரு டேப்லெட் கொடுத்தது. அதில் சிம் போட இடமில்லை. வீட்டில் வைஃபை இருக்கும் என்று நினைத்துக் கொடுத்திருந்தார்கள். இல்லாத வீடு எது இந்தக் காலத்தில்?

அண்ணன் வீடுதான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், கம்பியில்லா அலை மூளையைத் தின்றுவிடும் என்று யாரோ அனுப்பிய செய்தியை அவர் படித்தார். யார் எழுதியது, என்ன ஆதாரம் என்று கேட்கவில்லை. தொழிற்சாலைக் கிடங்கில் ஒரு திருகாணிக்கு மூன்று கையெழுத்து கேட்டவர் அவர். இந்தச் செய்தியிடம் ஒரு கையெழுத்தும் கேட்கவில்லை. இணையக் கம்பெனிக்குப் போன் போட்டு மோடத்தின் வைஃபையை நிறுத்தச் சொன்னார். அறைக்கு ஒரு சாக்கெட் வைத்து, சுவரெல்லாம் வெள்ளைப் பட்டை ஒட்டி வயர் இழுக்க வைத்தார். கம்பெனியோடு அந்தப் பேச்சை மொபைலில், காதோடு ஒட்டி, முக்கால் மணி நேரம் பேசினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கேட்டால், "அது வேற, இது வேற."

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கைக்குக் கஞ்சியை ஆற்றி ஊட்டுவது அவர்தான். ஐம்பத்து நான்கு வயதுத் தங்கையை இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். சிக்கலே அங்கேதான் இருந்தது.

அன்று வயர் இழுத்த அதே வயர்க்காரரைத்தான் அண்ணி இப்போதும் கூப்பிட்டார். வயர்க்காரர் அக்காவைக் கட்டிலில் பார்த்ததும் பையைக் கீழே வைக்க மறந்து நின்றார். அவர் மனைவிக்கு மூச்சு வாங்கிய ஒரு நாளில், நம்பர் கேட்காமல் உள்ளே அனுப்பியவர் அக்கா.

முதலில் அண்ணன் சொன்னபடியே செய்தார். டேப்லெட்டில் செருகுவதற்கு ஒரு இணைப்பி வாங்கிவந்து, சுவர்ச் சாக்கெட்டிலிருந்து கட்டில் வரை வயர் இழுத்தார். அக்கா இடது கையால் டேப்லெட்டை முழங்காலில் சாய்த்துப் பிடிப்பார். கால் லேசாக நடுங்கினால் வயர் இழுக்கும், இணைப்பி கழன்றுவிடும், பயிற்சியாளரின் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நிற்கும். நாற்பது நிமிடத்தில் ஒன்பது முறை. இரண்டாம் நாள் அக்கா டேப்லெட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதுக்கு ஒரே வழிதான் சார். இந்த ரூம் சாக்கெட்ல ஒரு சின்ன வைஃபை பெட்டி. பழைய வயர் எதையும் மாத்த வேணாம்."

"என் வீட்ல அலை கிடையாது தம்பி."

வயர்க்காரர் தன் மொபைலை நீட்டினார். "இதப் பாருங்க. இப்ப இந்தக் கட்டில் பக்கத்துல பதினோரு வைஃபை பேரு காட்டுது. எல்லாம் பக்கத்து வீட்டுது, எதிர் வீட்டுது. அலை ஏற்கெனவே உள்ள வந்து உக்காந்திருக்கு சார். நமக்குத்தான் அதால பிரயோசனம் இல்ல."

அண்ணன் அந்தப் பதினோரு பெயர்களையும் திருடர்களின் பட்டியலைப் போலப் படித்தார். கடைசியில் அண்ணியின் முகத்தைப் பார்த்து இறங்கிவந்தார். "பீரோ மேலதான் வைக்கணும். என் ரூம் பக்கம் திரும்பக் கூடாது. எனக்குத் தலைவலி வந்துச்சுன்னா அன்னைக்கே கழட்டிடணும்."

பெட்டி ஒரு சாசர் அளவுதான். முன்பக்கம் ஒரு பச்சை விளக்கு. சாக்கெட்டிலிருந்து பீரோ மேலே குட்டி வயர் ஒன்றை ஏற்றிவிட்டு, வயர்க்காரர் தன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். செய்வதை அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். அந்த வீட்டில் அப்போதெல்லாம் அக்காவிடம் யாரும் எதையும் விளக்குவதில்லை.

"கேளுங்கக்கா. வீட்ல இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் வேணும். அந்த நம்பரக் குடுக்கிறது கீழ இருக்கிற மோடம். இந்தப் புதுப் பெட்டியும் 'நானும் குடுக்கிறேன்'னு கிளம்பும். அத மொதல்ல நிறுத்திடணும். ஒரே வரிசைக்கு ரெண்டு கவுண்டர்ல டோக்கன் குடுத்தா என்ன ஆகும்?"

அக்காவின் முகம் இழுத்துக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது.

"அடி... அடி... அடிதடி."

ஏழு வாரத்தில் வந்த முதல் சொல். அண்ணி அறைக் கதவைப் பிடித்துக்கொண்டார். வயர்க்காரர் சிரித்துவிட்டார், அக்காவும் ஒரு பக்க உதட்டால் சிரித்தார். அண்ணன் கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

அன்று வேலை முழுதாக முடியவில்லை. டேப்லெட்டில் புது வைஃபையைச் சேர்க்க, மருத்துவமனை போட்டிருந்த பூட்டைத் திறக்கும் கடவுச்சொல் தேவைப்பட்டது. அது வரும்வரை பெட்டியின் வைஃபையை வயர்க்காரர் நிறுத்தியே வைத்திருந்தார். வயர் இணைந்திருந்ததால் பச்சை விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியிலிருந்து அலை என்று எதுவும் அப்போது கிளம்பவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அண்ணன் போன் செய்தார். "தம்பி, தலை ரெண்டாப் பொளக்குது. காதுக்குள்ள ஒய்ங்குங்குது. பொட்டுத் தூக்கமில்ல. வந்து கழட்டு."

"வந்து சரி பண்ணிடறேன் சார்" என்று வயர்க்காரர் போனை வைத்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். கடவுச்சொல் கிடைத்த நாளில் போய், பச்சை விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். வைஃபையை ஓடவிட்டார். "ரொம்பக் கம்மி பண்ணிட்டேன் சார். இனிமே தெரியாது" என்றார்.

தெரியவில்லை. அன்று முதல் அண்ணன் நன்றாகத் தூங்கினார். தலைவலி போயிற்று, காதில் இரைச்சல் நின்றது. "சொன்னா செய்யிற பையன்" என்று அண்ணியிடம் மெச்சிக்கொண்டார்.

அக்காவுக்குப் பதினோரு நாட்கள் கிடைத்தன. 'தண்ணி' வந்தது. 'ஜன்னல்' வந்தது. 'போதும்' வந்தது, அண்ணன் ஊட்டும்போது அதைச் சொல்லி அக்கா வாயை மூடிக்கொண்ட நாளில் அவர் சந்தோஷத்தில் மீதிக் கஞ்சியைத் தானே குடித்தார். எல்லாவற்றையும் விட எண்கள் வந்தன. ஒன்று என்று பயிற்சியாளர் எடுத்துக் கொடுத்தால் அக்கா தடையில்லாமல் ஓடுவார். எண்கள் இப்படித்தான் முதலில் திரும்பும், அவற்றைப் பிடித்துக்கொண்டு மற்றச் சொற்களையும் இழுத்துவரலாம் என்றார் பயிற்சியாளர்.

பன்னிரண்டாம் நாள் வயர்க்காரர் அந்தத் தப்பைச் செய்தார்.

பொய் சொல்லிவிட்டோம் என்ற உறுத்தல் அவருக்கு. கூடவே ஒரு நம்பிக்கை: ஆதாரத்தைக் கையில் கொடுத்தால் மனிதன் மாறிவிடுவான், பயம் விலகிவிடும். அந்த நம்பிக்கையைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அக்காவின் அறையிலேயே உட்கார்ந்தார்.

"சார், உங்களுக்குத் தலைவலி வந்த நாளெல்லாம் இந்தப் பெட்டியில அலையே இல்ல. வெறும் விளக்குதான். அலை ஓடுன நாளெல்லாம் நீங்க நல்லாத் தூங்கியிருக்கீங்க. நீங்களே பாருங்க. இனிமே பயமே வேணாம் சார்."

அண்ணன் தாளைப் பார்த்தார். இரண்டு முறை படித்தார். கிடங்கில் கணக்கு இடிக்கும்போது பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கணக்கு அவருக்கு விளங்கியது என்று வயர்க்காரர் இன்றும் சத்தியம் செய்வார்.

"அப்ப என்னப் பைத்தியக்காரன்ங்கிற."

"ஐயோ, இல்ல சார்."

"பதினோரு நாளு! எனக்கே தெரியாம என் வீட்ல அலையப் பாய்ச்சியிருக்க. அதான் ரெண்டு நாளாக் கால் மரத்துப் போவுது. பசியே எடுக்கல. நான் வயசுன்னு நெனச்சேன்யா!"

"மீதிக் கஞ்சியும் நீங்கதானே குடிச்சீங்க?" என்றார் அண்ணி மெல்ல.

"நீ சும்மா இரு."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து பெட்டியை வயரோடு பிடுங்கினார். டேப்லெட்டில் அப்போதுதான் ஆரம்பித்திருந்த பயிற்சி நின்றது. பயிற்சியாளரின் முகம் உறைந்தது.

அக்கா இடது கையைத் தூக்கினார். விரல்கள் பெட்டியை நோக்கி விரிந்தன. கவுண்டரில் இருபத்தாறு ஆண்டுகள் எத்தனையோ பேரை மறித்த கை அது. வாயைத் திறந்தார்.

"அண்... அண்... ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு..."

கண்ணில் நீர் ஓட, தலையை மாட்டேன் மாட்டேன் என்று அசைத்துக்கொண்டே, எண்ணிக்கொண்டே போனார். நிறுத்த முடியவில்லை. கத்த நினைத்தது வேறு. வாய்க்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"பாத்தியா," என்றார் அண்ணன், இறங்கிவந்து தங்கையின் கண்ணைத் துடைத்தபடி. "பாப்பாவுக்கே எப்படிப் படபடக்குது பாரு. அவளுக்கும் இது வேணாம்னுதான் சொல்றா."

வயர்க்காரர் அதற்குப் பிறகு மூன்று முறை போனார். கதவைத் திறந்தது அண்ணி. "நான் சொன்னா கேப்பாரா தம்பி? என் சொல்லு இந்த வீட்ல என்னைக்கு எடுபட்டுது?" மருத்துவமனைக்குப் போனார். பயிற்சியாளர் ஒரு படிவத்தைக் காட்டினார். 'பராமரிப்பவர் சம்மதம்' என்ற கட்டத்தில் அண்ணன் 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நோயாளியின் சம்மதத்துக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. ஆறு பயிற்சிகள் விட்டுப்போனதால் அக்காவின் நேரம் காத்திருப்பில் இருந்த அடுத்தவருக்குப் போய்விட்டது. அவரும் பேச முடியாதவர்தான். யாரிடம் சண்டை போடுவது?

மாதங்கள் ஓடிவிட்டன. அக்கா இப்போது எண்ணுவதும் இல்லை. அண்ணன் வேளை தவறாமல் ஊட்டுகிறார், போர்வை மடிக்கிறார், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். தங்கையை அவர் பார்த்துக்கொள்வதுபோல் யாரும் பார்த்துக்கொள்ள முடியாது என்கிறது தெரு. உண்மைதான். ஒரு மனிதரின் குரலை எடுத்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சோறு ஊட்டுவதற்குப் பெயர் அன்பு என்றால், அந்த அன்பை எதிர்த்து எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது?

வயர்க்காரரை இன்று அரிப்பது அந்தத் தாளோ பொய்யோ இல்லை. "தலைய ஆட்டத் தெரியும் அக்காவுக்கு. ஆமா, இல்லன்னு நல்லாச் சொல்லுவாங்க. பெட்டி வேணுமாக்கான்னு அவங்க அண்ணன் கேக்கல, ஆஸ்பத்திரி கேக்கல. சரி, நான் கேட்டேனா? நாங்க எல்லாரும் அந்தக் கட்டிலுக்கு மேல ஆளுக்காள் பேசிக்கிட்டு இருந்தோம்."

உங்களுக்குத் தெரிந்த வீடுகளில் இப்படி ஒருவர் படுத்திருப்பார். உறவாக இருக்கலாம், பக்கத்து வீடாக இருக்கலாம். இந்த வாரமே போங்கள். வீட்டுப் பெரியவரிடம் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள். கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள். பக்கத்திலிருப்பவர் முந்திக்கொண்டு பதில் சொன்னால், தயவுசெய்து அவரை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தத் தலை அசையும்வரை எழுந்திருக்காதீர்கள்.