133 மெகாஹெர்ட்ஸும் பரமேஸ்வரியின் சுவெட்டரும்

1. இரண்டாவது முறை

"அண்ணே, மறுபடியும் ஹேங் ஆயிருச்சு. இது ரெண்டாவது தடவ. இன்னும் ஒரு தடவ ஆச்சுன்னா நான் மூட்ட கட்டிக்கிட்டுக் கீழ போக வேண்டியதுதான். நீங்க மட்டும் நல்லா இருங்கலா."

தொலைபேசியில் பேசியவர் பரமேஸ்வரி. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. ஹேங் ஆனது அவருடைய மேசைக் கணினி. அதை வேகமாக ஓட வைக்கிறேன் என்று பெருமையாக வாக்குக் கொடுத்தது நான்.

அப்போது எனக்கு ரிங்லெட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை இருந்தது. கீழ்த்தளத்தில் உரக்கடை, மேலே நான். கோழி எரு வாசனையைத் தாண்டி வருபவர்களுக்குத்தான் என் சேவை கிடைக்கும். வேலையில்லாத நேரத்தில் மதர்போர்டு கையேடுகளைப் படிப்பேன். மற்றவர்கள் துப்பறியும் கதை படிப்பதுபோல் ஆர்வமாக, முடிவு தெரிந்த பிறகும் இன்னொரு முறை.

பரமேஸ்வரியின் சிக்கல் இதுதான். தலைமை அலுவலகம் புதிதாக ஒரு புரோகிராம் அனுப்பியிருந்தது. முந்தின நாள் கொழுந்து எடை, வாடல், தயாரான தூள் எல்லாவற்றையும் போட்டால், பழைய வருடங்களோடு ஒப்பிட்டு ஓர் அறிக்கை தரும். அதைக் காலை பதினொன்றுக்குள் அனுப்ப வேண்டும். தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கரிடமிருந்து எண்கள் வருவது ஒன்பதே முக்காலுக்கு. அந்தப் பழைய கணினியில் புரோகிராம் ஓடி முடிய ஒரு மணி இருபது நிமிடம். தினமும் ஐந்து நிமிடம் தாமதம்.

புதுக் கணினி கேட்டதற்கு அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஒரு மாதம் அவகாசம். அதற்குள் மூன்று நாள் தாமதமானால் அந்த வேலை கீழே, சமவெளியில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். வேலையோடு பரமேஸ்வரியும் போக வேண்டும்.

"டவுன்ல ஆபிஸ் வேலை. நல்லதுதானே?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னண்ணே நல்லது? எம் புருசன் இங்க ட்ரையர்ல நிக்கிறாரு. ட்ரையரத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு கீழ வருவாரா? வாரத்துக்கு ஒருக்கா அடிவாரத்துல தாப்பா பஸ் ஸ்டாண்டுல நின்னு மூஞ்சியப் பாத்துக்கச் சொல்றீங்களா?"

கணினியை வேகமாக்கித் தருகிறேன் என்று அப்போதே வாக்குக் கொடுத்தேன்.

2. ஒரே ஷாஃப்ட், பல பெல்ட்

அந்தக் காலத்துப் பிராசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, மதர்போர்டின் அடிப்படைத் துடிப்பு. அதற்குப் பெயர் ஃப்ரண்ட் சைடு பஸ். இன்னொன்று, அதை எத்தனை மடங்காக்குவது என்ற எண். அந்த இரண்டாவது எண்ணை உற்பத்தியாளர் பூட்டிவிட்டிருப்பார். ஆகவே வேகம் வேண்டுமென்றால் அடிப்படைத் துடிப்பைத்தான் ஏற்ற வேண்டும்; இதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். ஆனால் ராம், ஹார்ட் டிஸ்க் எல்லாமே அதே துடிப்பைத்தான் நம்பி இருக்கின்றன.

இதைத் தோட்டத்துத் துரையிடம் விளக்க வேண்டியிருந்தது. துரை என்றால் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் அல்ல. ஈப்போக்காரத் தமிழர், மேனேஜர். கணினி என்றாலே கையைக் கட்டிக்கொண்டு தூரமாக நிற்பவர்.

"வெடிக்குமா?" என்றார்.

"வெடிக்காது துரை. உங்க பழைய ஃபேக்டரியில ஒரே ஷாஃப்ட்டுல எல்லா ரோலருக்கும் பெல்ட் போட்டிருப்பாங்களே, அந்த மாதிரி. ஷாஃப்ட்ட வேகமாச் சுத்துனா எல்லா மிஷினும் வேகமாச் சுத்தும். சில மிஷின் தாங்கும், சிலது பெல்ட்ட அத்துக்கும்."

"எது அத்துக்கும்?"

"ஹார்ட் டிஸ்க். அதனால நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது. இப்ப நூறு மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது. நேரா நூத்தி முப்பத்து மூணுக்குத் தாவிட்டா போர்டே ஹார்ட் டிஸ்க்குக்கு வேற புல்லி மாத்திக் குடுத்துரும், அது பழைய வேகத்துலயே ஓடும். நூத்தி இருபதுல நிறுத்துனோம்னா புல்லி மாறாது, ஆபத்து."

துரை கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "புல்லிதானே? செய்யுங்க," என்றார். என் வாழ்நாளில் ஒரு மேலதிகாரி தொழில்நுட்பத்தைப் புரிந்துகொண்டு அனுமதி கொடுத்தது அந்த ஒரு முறைதான்.

அவகாசம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் கணினியைக் கடைக்குக் கொண்டுவந்தேன். போர்டில் துடிப்பைத் தீர்மானிக்கும் ஜம்பர் என்ற சிறு செருகியை மாற்றி 133-இல் வைத்தேன். இரண்டு நாள் இடைவிடாமல் சோதனை புரோகிராம் ஓட்டினேன். ஒரு பிழைகூட வரவில்லை. அறிக்கை ஒரு மணி இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒரு திங்கட்கிழமை கொண்டுபோய் மேசைக்கு அடியில் வைத்தேன். அன்றும் குறையில்லை. பரமேஸ்வரி கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, ஏதோ ராக்கெட் விட்டவன் மாதிரி வீடு திரும்பினேன்.

வியாழக்கிழமை, அறிக்கை போகுமுன்பே ஹேங் ஆனது.

3. சந்தேக நபர்கள்

முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தேன். தொழிற்சாலையில் பெரிய மோட்டார்கள் கிளம்பும்போது விளக்கு மங்கும். ஒரு யூபிஎஸ் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த வாரம் இரண்டாவது முறை ஹேங் ஆனது. தொடக்கத்தில் சொன்ன தொலைபேசி அழைப்பு அப்போது வந்ததுதான்.

பிறகு தேயிலைத் தூசி. கேஸைத் திறந்தால் பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பழுப்புத் தூள். பிரஷ்ஷால் துடைத்தபோது எனக்குப் பதினோரு தும்மல் வந்தது. சரியாக எண்ணியவர் பரமேஸ்வரி. அவர் எதையும் எண்ணாமல் விடமாட்டார். மறுநாளும் ஹேங் ஆனது. ஆனால் அறிக்கை போன பிறகு, பதினொன்றே காலுக்கு. அதனால் அது கணக்கில் சேரவில்லை.

ராமை மாற்றினேன். விளைவு அதே.

"அண்ணே, உங்களுக்கு உண்மையிலேயே இது தெரியுமா, இல்ல எம் மிஷின வச்சுப் பழகிக்கிறீங்களா?" என்றார்.

நியாயமான கேள்வி. நானே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் பயத்தைவிட எனக்கு ஆர்வம் அதிகமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். கடையில் நாற்பத்தெட்டு மணி நேரம் அசராமல் ஓடிய ஒன்று, நான்கு மைல் மேலே வந்ததும் ஏன் மயங்கி விழுகிறது?

"ஒரு நோட்டுல எழுதி வைங்க. எப்ப ஹேங் ஆகுது, அப்ப என்ன நடந்துச்சு, எல்லாத்தையும்," என்று சொல்லிவிட்டு வந்தேன். கிராணியிடம் எல்லாத்தையும் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

4. நோட்டுப் புத்தகம்

பத்து நாள் கழித்துப் போனேன். மதியம், வெளியே மழை. அவகாசத்தில் இன்னும் ஐந்து நாள் பாக்கி. நோட்டைக் கொடுத்தார். ஆற்றொழுக்கான கையெழுத்து.

"செவ்வாய். 11.20 ஹேங். முனியாண்டி டீ கொண்டு வந்தார், சீனி பத்தவில்லை. சுவெட்டர் கழற்றியிருந்தேன்."

"வெள்ளி. 11.05 ஹேங். அறிக்கை போய்விட்டது, சாமிக்கு நன்றி. சுவெட்டர் கழற்றியது 10.30."

"திங்கள். ஹேங் இல்லை. குளிர். சுவெட்டர் நாள் முழுதும்."

"சுவெட்டர எதுக்கு எழுதுனீங்க?"

"எல்லாத்தையும்னு நீங்கதானே சொன்னீங்க?"

முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். திங்கட்கிழமை ஹேங் ஆனதே இல்லை. ஹேங் ஆன ஒவ்வொரு நாளும் சுவெட்டர் கழற்றப்பட்டிருந்தது. மலையில் பத்தரை மணிக்கு ஒருவர் எதற்குச் சுவெட்டரைக் கழற்ற வேண்டும்?

மேசைக்குக் கீழே குனிந்து, கேஸுக்குப் பின்னால் இருந்த சுவரைத் தொட்டேன். வெதுவெதுப்பாக, ஒரு மாட்டின் வயிறுபோல் இருந்தது.

"இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் என்ன?"

"எம் புருசன்," என்றார் பரமேஸ்வரி.

அவர் புருசன் முனியாண்டியைக் கூப்பிட்டோம். உயரமான, நிதானமான ஆள். முகமெல்லாம் தேயிலைத் தூள்.

"செவுத்த ஒட்டித்தான் ட்ரையரோட சுடு காத்துக் குழாய் போவுது. காலையில எட்டரைக்கு மூட்டுனா பத்தரைக்குச் செவுறு சுட்டுரும். திங்கக்கிழம மூட்ட மாட்டோம்."

"ஏன்?"

"ஞாயித்துக்கிழம கொழுந்தெடுப்பு இல்லியே. எதக் காய வைக்கிறது?" என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மழைக்கொழுந்து வந்தா மறுநாள் சீக்கிரமே மூட்டி, சூட்டையும் ஏத்தி விடுவோம். ஈரமா இருக்குமில்ல."

தாமதமான அந்தப் பழைய இரண்டு நாட்களையும் பரமேஸ்வரி நினைவிலிருந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். இரண்டுக்கும் முந்தின நாள் மழை; அதனால்தான் அறிக்கை போகுமுன்பே ஹேங்.

மூவரும் ஜன்னலைப் பார்த்தோம். மழை பெய்துகொண்டிருந்தது.

"அப்ப நீதான்யா என்னயக் கீழ அனுப்புற ஆளு!" என்று புருசனைப் பார்த்துச் சொன்னார்.

"நா என்னடி செஞ்சேன்? கம்பெனி ட்ரையரு," என்றார் முனியாண்டி.

அவர்மேல் தப்பில்லை. வேகத்தை ஏற்றிய பிராசசர் தன் சூட்டிலேயே தவிக்கும்; சுவர்ச் சூடும் சேர்ந்தால் நின்றுவிடும். கடைசிச் சந்தேக நபர் நான்தான். என் கடை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து மாதக்கணக்கில் அட்டை வைத்து அடைத்திருந்தேன். உள்ளே வரும் குளிரில் ஒரு செங்கல்லைக்கூட ஓவர்கிளாக் செய்திருக்கலாம். அதை என் கைத்திறமை என்று எண்ணிக்கொண்டேன். கணினியைத் தொழிற்சாலையில் சோதித்த ஒரே நாளும் திங்கட்கிழமை.

5. காற்று வாங்கிய கேஸ்

நூறுக்கு இறக்கினால் நாளை நிச்சயம் ஐந்து நிமிடம் தாமதம். நூற்று இருபதில் நிறுத்தினால் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பல வருடக் கொழுந்துக் கணக்குக்கு உத்தரவாதமில்லை. 133-ஐத் தவிர வேறு வழியில்லை. மேசையை எதிர்ச்சுவருக்கு நகர்த்தலாம் என்றேன்.

"முடியாதுண்ணே. இந்தப் பக்கச் செவுத்துப் பொந்து வழியாத்தான் கொழுந்துத் தராசு முள்ளப் பாக்குறேன். நகந்துட்டா கொழுந்து நிறுக்கிற கங்காணி சொல்றதுதான் எடை."

கடைக்கு ஓடினேன். மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் மௌஸுக்கும் நீட்டிப்புக் கேபிள்கள் எடுத்து வந்தேன். முனியாண்டி ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையைக் கொண்டுவந்து எதிர் ஜன்னலோரம் ஆணியடித்தார். கணினிக் கேஸ் அங்கே ஏறியது. பரமேஸ்வரியும் மானிட்டரும் பழைய இடத்திலேயே. அறையின் குறுக்கே கேபிள்கள் துணி காயப்போடும் கொடிபோல் தொங்கின.

மறுநாள் காலை நானும் போயிருந்தேன். ஒன்பது நாற்பத்தைந்துக்கு எண்களைப் போட்டார். ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. மூடுபனி உள்ளே வந்து கேஸைப் பார்த்துவிட்டுப் போனது. பரமேஸ்வரி சுவெட்டர், அதற்கு மேல் சால்வை, தலையில் முண்டாசு. சுவருக்கு அந்தப் பக்கம் ட்ரையர் இரைந்தது. முனியாண்டி பத்து நிமிடத்துக்கொருமுறை கதவில் தலைகாட்டி, "இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

பத்தரை. துரை வந்தார். "எதுக்கு ஜன்னல தொறந்து வச்சிருக்கீங்க?"

"மிஷினுக்குக் குளிரணுமாம் துரை. அதுக்காக நான் நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

துரை என்னைப் பார்த்தார். புல்லி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நாற்காலி இழுத்து உட்கார்ந்தார்.

பத்து நாற்பத்தேழுக்கு அறிக்கை முடிந்தது. பரமேஸ்வரி அனுப்பிவிட்டு, முதல் வேலையாக நோட்டில் எழுதினார். பிறகுதான் அழுதார்.

அந்த மாதம் மூன்றாவது தாமதம் இல்லாமல் தாண்டியது; பரமேஸ்வரி மேலேயே இருந்தார். அதன் பிறகு எந்த இயந்திரத்தையும் என் கடையில் சோதித்து நல்ல பெயர் கொடுத்து அனுப்பியதில்லை. அது எங்கே உட்காரப் போகிறதோ அங்கேயே, அந்த இடத்தின் மோசமான நாளில் ஓட்டிப் பார்ப்பேன். முதலில் கையை நீட்டிச் சுவரைத் தொடுவேன். வாடிக்கையாளர்கள் இதை ஏதோ சடங்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒன்றரை வருடம் கழித்துப் புதுக் கணினி வந்தது. பரமேஸ்வரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணே, புது மிஷின் மாட்டியாச்சு. இப்ப ஜன்னல மூடலாமா?"

"மூடுங்க."

"நெசமாவா?"

"நெசமா."

அடுத்த முறை அங்கே போனபோது நோட்டு இன்னும் மேசையில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "செவ்வாய். மழை. ஜன்னல் மூடினேன். 10.30 சுவெட்டர் கழற்றினேன். ஹேங் இல்லை."