பேனர் மூலையில் கும்பிட்ட முகம்

கொஞ்ச காலம் நான் புதுச்சேரியில் ஒரு பிரபலம். சிரிக்க வேண்டியதை நானே சிரித்து முடித்துவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். உழவர்கரையில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். மெஷினை மிதித்துக்கொண்டே மாமியார், மருமகள், கரன்ட் பில், புருஷன் வாங்கி வரும் சொத்தைக் கத்திரிக்காய் என்று வாய்க்கு வந்ததைப் பேசி போனில் வீடியோ போடுவேன். அதில் ஒன்று எப்படியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அதற்கப்புறம் என் வாய் மூடவில்லை.

முதலில் ஒரு மொபைல் கடைத் திறப்புக்குக் கூப்பிட்டார்கள். பிறகு பிரியாணிக் கடை, தண்ணீர் கேன் கடை, யோகா வகுப்பு. யோகாவைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசினேன். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். சண்டே மார்க்கெட்டில் நைட்டி வாங்கப் போனால் செல்ஃபி கேட்டார்கள். தொந்தரவாக இருக்கிறதென்று கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போனேன். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்றால் கழற்றிவிடுவேன்.

எங்கள் ஊரில் பேனர் இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. காது குத்து, கல்யாணம், பிறந்தநாள், சாவு, எதுவானாலும் ரோட்டோரம் ஒன்று எழுந்துவிடும். நடுவில் விசேஷத்துக்கு உரியவர் ஆளுயரத்துக்கு நிற்பார். சுற்றிலும் சொந்தக்காரர்கள், தலைவர்கள், சினிமாக்காரர்கள் எல்லாம் சின்னச் சின்னதாக இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்தேன். நான் கும்பிட்டுச் சிரிக்கும் போட்டோ ஒன்று ஃபிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்களில் குடியேறிவிட்டது. ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரில்கூட அதே சிரிப்போடு நின்றேன். யாராவது போன் செய்து போட்டோ போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால் தாராளமாக என்பேன். என்ன விசேஷம் என்று கேட்டதில்லை. ஷிஃப்ட் முடிந்து வரும் என் வீட்டுக்காரர், ரோட்டிலும் நீ, வீட்டிலும் நீ, மனுஷன் எங்கேதான் போவது என்று அலுத்துக்கொள்வார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சேனலில் இருந்து மைக்கோடு ஒரு பெண் வந்தாள். பீச் ரோட்டில் நிற்கவைத்து, இந்த ஊரில் உங்களுக்குக் கோபம் வருகிற விஷயம் எது என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு ஒரு கோபமும் இல்லை. மத்தியானம் வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டிருந்தேன், காற்றும் நன்றாக இருந்தது. ஆனால் பிரபலம் ஒருத்தி கோபமில்லாமல் திரும்பிப் போனால் நன்றாகவா இருக்கும்? யோசித்து, மஞ்சள் நீராட்டு விழா பேனரைப் பிடித்தேன். பெண் வயசுக்கு வந்ததை ஊர் முழுக்க போஸ்டர் அடித்துக் காட்ட வேண்டுமா என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் பாதி ஊர் கை தட்டியிருக்கும். எனக்குத்தான் நிறுத்தத் தெரியாதே.

"அந்த மாதிரி பேனர் வெக்கிற வீட்டுல ஒருத்தருக்கும் வெக்கமே கெடையாதா?" என்று கேட்டுவிட்டுக் கேமராவை ஒரு முறை முறைத்தேன்.

மறுநாள் காலை என் போன் ஓயவில்லை. கடலூர் ரோட்டில், தவளக்குப்பம் ஜங்ஷனில் நின்ற ஒரு பேனரை யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். மஞ்சள் நீராட்டு விழா. நடுவில் பாவாடை தாவணியில் ஒரு பெண். கீழே வலது மூலையில், அனைவரையும் அன்புடன் வரவேற்றுக் கும்பிட்டபடி நான். அதற்குக் கீழேயே என் பேச்சையும் ஒட்டிவிட்டிருந்தார்கள். முறைக்கும் முகமும் கும்பிடும் முகமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

பிறகு நடந்ததை விவரித்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. முதலில் உனக்கு வெட்கம் இருக்கிறதா என்று ஆயிரம் பேர் கேட்டார்கள். ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வேண்டாம் என்று திடீரென்று முடிவாயிற்று. ஒரு கஸ்டமர் பாதி வெட்டிய ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

விளக்கம் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு வீடியோ போட்டேன். என் அனுமதி இல்லாமல் என் படத்தைப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். பார்ப்பவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று அந்தப் பேனரைத் திரை முழுக்கக் காட்டி, மூலையில் இருந்த என் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் போட்டேன். அது எடுபடவில்லை. அடுத்து ஒரு மன்னிப்பு வீடியோ. அழுகை வராததால் பக்கத்தில் வெங்காயம் நறுக்கி வைத்துக்கொண்டேன். அதிலும் பேனர், அதிலும் வட்டம். ரெண்டையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வட்டத்துக்குள்ளே இருந்த முகத்தை மட்டும்தான் பார்த்தேன்.

ஒருநாள் வீட்டுக்காரர் டீக்கடையில் கேட்ட செய்தியோடு வந்தார். பேனரில் இருந்த அந்தப் பெண் பள்ளிக்கூடம் போவதில்லையாம். கூடப் படிக்கிறவர்கள் என் வீடியோவைப் போட்டுக் காட்டி, உங்கள் வீட்டில் வெட்கம் கிடையாதாமே என்று கேட்கிறார்களாம். சோற்றில் கை வைத்திருந்தவள் அப்படியே எழுந்துவிட்டேன். நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்து, வீடு எங்கே என்று விசாரித்தேன். அதே சமயம், நேரில் போய்ச் சமாதானம் ஆனால் அதை ஒரு வீடியோவாகப் போடலாம் என்றும் தோன்றியது. போனை நிறுத்திவைக்கும் ஸ்டாண்டையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

அந்த வீட்டில் கதவைத் திறந்த அவள் அம்மாவைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. மீன் வியாபாரம் செய்பவர், பல வருஷமாக என்னிடம்தான் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறார். அவர் அளவு எனக்கு மனப்பாடம். அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று நான் கேட்டதே இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கத்தியிருந்தால் தேவலை. நான் மன்னிப்பை ஆரம்பித்ததும் மெதுவாகக் குறுக்கிட்டார்.

"உங்கள கேட்டுட்டுதானக்கா போட்டோம். போன் பண்ணேன். போட்டுக்கம்மான்னு சொன்னீங்க. அக்கா படம் நம்ம பேனர்ல இருக்குதுன்னு பாப்பாவுக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா?"

எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன், எல்லாருக்கும் சொன்னதுதானே. உள்ளே இருந்து அந்தப் பெண் வந்தாள். பேனரில் பெரிய பெண்ணாகத் தெரிந்தவள், நேரில் டி-ஷர்ட்டில் சின்னக் குழந்தையாக இருந்தாள். பேனர் வைத்தது உனக்குச் சங்கடமாக இருக்கும் என்றுதான்மா அப்படிப் பேசினேன் என்று அவளிடமும் நியாயம் பேசினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பேனர ஒரு வாரத்துல அவுத்துட்டாங்க ஆன்ட்டி. உங்க வீடியோவ யாரு அவுக்குறது?"

பையில் இருந்த ஸ்டாண்டு என் தொடையில் குத்தியது. அதை வெளியே எடுக்காமலே எழுந்து வந்தேன். 

அன்றைக்கே நான் போட்ட வீடியோ எல்லாவற்றையும் அழித்தேன். அழித்ததும் போய்விடும் என்று நம்பினேன். தேடிப் பார்த்தால் யார் யாரோ எடுத்துப் போட்ட நகல்கள். எல்லாவற்றிலும் மூலையில் என் சிவப்பு வட்டம், நடுவில் முகம்கூட மறைக்காமல் நான் காட்டிய அந்தப் பெண். ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். சிலர் எடுத்தார்கள். மைக்கோடு வந்த பெண், அதுதான் அக்கா இப்போது நன்றாகப் போகிறது என்றாள். இன்னொரு சேனல்காரர், வந்து ஒரு பேட்டி கொடுங்கள், எடுத்துவிடுகிறோம் என்றார். போகவில்லை. கேமரா கூப்பிட்டு நான் போகாதது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நாளில் வேறு யாரோ வேறு எதையோ உளறினார்கள், ஊர் என்னை விட்டுவிட்டது. இப்போது சண்டே மார்க்கெட்டில் நான் பாட்டுக்கு நைட்டி வாங்குகிறேன், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தையலும் பழையபடி வருகிறது. அந்த அம்மா மட்டும் வரவில்லை. மகளைக் கடலூரில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்கவைக்கிறார்களாம். அங்கே அவளை யாருக்கும் தெரியாதாம்.